83 கலவரத்துல ராத்திரியோட ராத்திரியா எங்களைக் கொண்டுபோய் வச்ச தேயிலை ஸ்டோர் (ஃபேக்டரி) எது?

#1 பீலிக்கரை

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் வாசிச்சிக்கிட்டு மட்டும்தான் இருந்தேன். ஒரு இடத்தைக் கண்டுபிடிக்க உங்க உதவி வேணும், அதான் எழுதுறேன்.

83 ஜூலையில தமிழருக்கு எதிரா கலவரம் நடந்தப்போ எனக்கு 6 வயசு. ஊவா மாகாணத்துல ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒண்ணுல, மேட்டு லயத்துல (தொழிலாளர் வரிசை வீடு) தொங்கக் காம்பராவுல, கடைசி அறையில, இருந்தோம். பதுளை டவுன் பக்கம் புகை ஏறுதுன்னு பெரியவங்க இஸ்தோப்புல (வாசல் திண்ணையில) நின்னு பார்த்தது நல்லா ஞாபகம் இருக்கு. பொழுது சாயறதுக்குள்ள அம்மா ரொட்டி சுட்டு, சம்பலோட துணியில முடிஞ்சு வச்சிட்டாங்க. இருட்டினதும் லயத்தை விட்டுட்டு மலைக்குள்ள இறங்கினோம். பக்கத்துல இருந்தது கவ்வாத்து மலை, செடியை வெட்டிவிட்ட மலை. அதுல ஒளிய முடியாதுன்னு அப்பா எங்களைத் தூரத்துப் பழைய மலைக்குக் கூட்டிட்டுப் போனார். செடி அடர்த்தியா இருந்துச்சு. அடியில படுத்தோம். முசுறு கடிச்சா கூட சத்தம் போடக்கூடாதுன்னு அம்மா என் வாய் மேல கையை வச்சிருந்தாங்க. தம்பி கைக்குழந்தை. சீனியைத் துணியில முடிஞ்சு அவன் வாயில கொடுத்திருந்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு நிலா ஏறினதும் அப்பாவுக்குப் பயம் கூடிப்போச்சு, வெளிச்சத்துல தெரிஞ்சிடுவோம்னு.

அப்புறம் ஒரு லொறி. கொழுந்து சாக்குக்கு அடியில நாங்க. எவ்வளவு தூரம் போனோம்னு தெரியாது. இறக்கின இடம் ஒரு தேயிலை ஸ்டோர். மேல் மாடியில படுக்க வச்சாங்க. பலகைக்குக் கீழ இருந்து சூடான காத்து வந்துக்கிட்டே இருந்துச்சு. வாடின கொழுந்து வாசம் இன்னைக்கும் எங்கயாவது அடிச்சா நான் நின்னுடுவேன்.

அந்த ஸ்டோர் வாச்சர் சிங்களவர். அவரோட சம்சாரம் காலையில மரவள்ளிக்கிழங்கு அவிச்சு, கட்டச்சம்பலோட வாழை இலையில கொண்டுவந்து தருவாங்க. நாலஞ்சு ராத்திரி இருந்திருப்போம். பிறகு ஒரு பள்ளிக்கூடத்துல அகதி முகாம். அதுக்குப் பிறகு மஸ்கெலியாவுக்கு, மாமா தோட்டத்துக்கு.

அப்பா 2009ல தவறிட்டார், அம்மா 2021ல. இருக்கும்போது கேட்கல. அவங்களும் அதைப் பத்திப் பேசினதே இல்ல. அது எந்த ஸ்டோர்னு இப்ப எனக்குத் தெரிஞ்சாகணும். உங்க யாருக்காவது இது மாதிரி சின்ன வயசு ஞாபகம் இருந்தா அதையும் எழுதுங்க.


#2 மஸ்கெலியா மழை

அக்கா, வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் ஒண்ணும் ஓடல. முதல்ல ஒரு கேள்வி: மழை பெஞ்சதா? நீங்க மழையைப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. எங்க பக்கம் ஜூலைன்னா கம்பளியைக் கழட்ட முடியாது. செடிக்கடியில படுத்தா அட்டை பிடுங்கித் தின்னுடும். லொறி அட்டன், தலவாக்கலைப் பக்கம் வந்திருந்தா கண்டிப்பா மழை ஞாபகம் இருந்திருக்கும்.

எங்க தோட்டத்துல அந்த வாரம் நடந்ததை எங்க அண்ணன் சொல்வார். ஆம்பளைங்க கவ்வாத்துக் கத்தியோட எல்லைக்காட்டுல முறை போட்டு நின்னாங்க. பிள்ளைங்களை எல்லாம் பிள்ளைக்காம்பராவுல (தோட்டத்துப் பிள்ளை பராமரிக்கிற இடம்) ஒண்ணா வச்சு வெளிய பூட்டினாங்க. வந்தது யாரும் இல்ல. ஆனா மழைச் சத்தத்துல யார் வந்தாலும் கேட்காதேங்கிற பயத்துலயே விடிஞ்சுது.


#3 பீலிக்கரை

மழை இல்ல தம்பி. உறுதியா இல்ல. காத்து இருந்துச்சு. உதடு வெடிச்சு எரிஞ்சது, அம்மா தேங்கா எண்ணெய் தடவி விட்டாங்க. லொறியில புழுதி வந்து கண்ணுல விழுந்துச்சு.


#4 ஓய்வுபெற்ற வாத்தியார்

மகள், நீங்கள் சொல்லும் நாளை நிச்சயப்படுத்தலாம். கொழும்பில் ஜூலை 25ஆம் திகதி திங்கட்கிழமை எரியத் தொடங்கியது. கண்டியில் 26. பதுளை நகரம் எரிந்தது 27ஆம் திகதி புதன்கிழமை. அன்று இரவுக்குள் ஹாலிஎல, பண்டாரவளை, வெலிமடை வரை பரவிவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை, 24ஆம் திகதிதான் பௌர்ணமி. மூன்றாம் நாள் இரவில் நிலா தாமதித்துத்தான் எழும்பும். உங்கள் அப்பா பயந்த நிலா அதுதான். ஆறு வயதுப் பிள்ளையின் நினைவு பஞ்சாங்கத்தோடு ஒத்துப்போகிறது.

காற்றும் புழுதியும் ஊவாவின் அடையாளம். தென்மேற்குப் பருவ மழையை நுவரெலியா மலைத்தொடர் தடுத்துவிடும். இந்தப் பக்கம் காய்ந்த காற்று மட்டும் இறங்கும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை பத்தனைப் புல் காய்ந்து மஞ்சளாகிவிடும், தேயிலைக்கு அந்தக் காற்றில்தான் ஊவாவின் தனி வாசனை ஏறும். ஆகவே லொறி மேற்கே போகவில்லை. நீங்கள் ஊவாவுக்குள்ளேயே இருந்திருக்கிறீர்கள்.

சூடான காற்றும் சரிதான். பழைய ஸ்டோர்களில் மேல் மாடிகள் கொழுந்து வாட்டுவதற்கு. சாக்குத் துணித் தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி, கீழே அடுப்பறையின் சூட்டைப் பெரிய விசிறியால் மேலே அனுப்புவார்கள். ஒரு இரவு முழுவதும் வாடினால்தான் மறுநாள் ரோலரில் போட முடியும். உங்களைப் படுக்க வைத்தவர் குளிர் தெரியாத இடம் எதுவென்று பார்த்துப் படுக்க வைத்திருக்கிறார்.


#5 நுவரெலியா 98

மன்னிக்கணும், நான் சின்னவன். தப்பா கேட்டா திருத்துங்க. யுத்தம் நடந்தது வடக்கு கிழக்குல. நம்ம பக்கம் நடந்தது கலவரம். இதை இடம்பெயர்வுன்னு, அகதின்னு சொல்றது சரியா? அங்க உள்ளவங்க பட்டதோட இதை ஒண்ணா வைக்கலாமான்னு எனக்குக் குழப்பமா இருக்கு.


#6 பாரதிபுரத்தான்

தம்பி நுவரெலியா, நீங்க கேட்டது நல்ல கேள்வி. பதில் சொல்ல நான் தகுதியான ஆள். கிளிநொச்சி பாரதிபுரத்துல இருந்து எழுதுறேன். பிறந்தது நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டம்.

1977 ஜூலையில தேர்தல், ஆகஸ்ட்ல கலவரம். எனக்கு 5 வயசு. லயத்தைக் கொளுத்தின அன்னைக்கு நாங்க ஆத்தைத் தாண்டி ஓடினோம். அம்மாயி என்னை முதுகுல கட்டியிருந்தாங்க, கொழுந்துக் கூடைக் கயித்தாலதான் கட்டினாங்க, நெத்தியில பாரம் தாங்கிக்கிட்டு. கொஞ்ச நாள் கோயில் மடத்துல இருந்தோம். பிறகு வவுனியா. காந்தியம்னு ஒரு அமைப்பு இருந்துச்சு. டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்தினது. எங்களை மாதிரி மலையகத்துல இருந்து வந்த சனங்களைப் பண்ணைகள்ல குடியேத்தினாங்க. காடு வெட்டி, கிணறு தோண்டி, கச்சான் (நிலக்கடலை) போட்டோம். குளிருக்குப் பழகின உடம்பு. முதல் வருசம் வெயில்ல அம்மாயிக்குக் கால் கொப்பளிச்சே கிடந்துச்சு.

இந்த அக்கா செடிக்கடியில படுத்திருந்தாங்களே 27ஆம் திகதி, அதே நாள் கொழும்பு வெலிக்கடைச் சிறைக்குள்ள இராஜசுந்தரத்தைக் கொன்னாங்க. எங்களுக்கு ரேடியோவுல தெரியல, ஆள் மேல ஆள் சொல்லித்தான் வந்துச்சு. அன்னைக்கு எங்க பண்ணையில அடுப்பு மூட்டல.

அடுத்த வருசம், 1984ல, நெடுங்கேணிப் பக்கம் டொலர் பண்ணை, கென்ட் பண்ணையில இருந்த எங்க சனங்களைப் பிடிச்சு பஸ்ல ஏத்தி மலையகத்துக்கே கொண்டுவந்து இறக்கினாங்க. அதுல நாங்களும் இருந்தோம். எனக்கு 12 வயசு. இறக்கின இடத்துல எங்களுக்கு லயமும் இல்ல, பேரும் இல்ல. ஒரு கடை வாசல்ல ரெண்டு ராத்திரி. மறுபடி வடக்க ஏறினோம், கிளிநொச்சிக்கு.

96ல ஆமி கிளிநொச்சியைப் பிடிச்சப்போ ஒரு ஓட்டம். 2008 கடைசியில இன்னொரு ஓட்டம், அது முள்ளிவாய்க்கால்ல போய் முடிஞ்சுது. பிறகு வவுனியாவுல மெனிக் பாம் முகாம். என் மகளுக்கு அப்போ 6 வயசு, இந்த அக்கா வயசுதான். செல் (பீரங்கிக் குண்டு) விழும்போது நான் அவ வாய் மேல கை வச்சேன். ஏன் வச்சேன்னு தெரியல, சத்தம் போட்டா செல்லுக்குக் கேட்கவா போகுது? 77ல அம்மாயி எனக்கு வச்ச கை அது.

எந்த ஓட்டத்தைக் கலவரக் கணக்குல எழுதறது, எந்த ஓட்டத்தை யுத்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்குத் தெரியல தம்பி. ஓடின ஆள் ஒருத்தன்தான்.


#7 நுவரெலியா 98

ஐயா, கேட்டதுக்கு மன்னிச்சிடுங்க. பள்ளிக்கூடத்துல யாரும் இதைச் சொல்லித் தரல. வீட்டுலயும்தான்.


#8 பசறை வெற்றிலை

நானும் ஒண்ணு சொல்லணும். கோபத்துல சொல்றேன்னு நினைக்காதீங்க.

இப்படிப் பேச்சு எடுத்தாலே வாச்சர் காப்பாத்தினார், கிராமத்து ஆச்சி கஞ்சி குடுத்தாங்கன்னு நல்ல கதையைத்தான் எல்லாரும் சொல்றோம். அந்த அம்மாவுக்கு நான் கையெடுத்துக் கும்பிடுறேன். ஆனா எங்க லயத்தை வந்தவங்களுக்குக் காட்டிக் கொடுத்ததும் பக்கத்து ஆள்தான். எங்க வீட்டுத் தையல் மிசினைக் கொளுத்த முந்தியே தூக்கிட்டுப் போனவனை, பிறகு 10 வருசம் சந்தையில பார்த்துக்கிட்டு இருந்தேன். எனக்கு அப்ப 9 வயசு. அந்த மிசின் அக்கா சீதனத்துக்குன்னு அப்பா ரெண்டு வருசம் சீட்டுப் பிடிச்சு வாங்கினது. அக்கா அதைத் துடைச்சு வைக்கிற துணி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு, பச்சைப் பூப்போட்ட பழைய பாவாடை. கொளுத்தினதுல கதவு நிலை மட்டும் மிஞ்சி இருந்துச்சு. முகாம்ல இருந்து திரும்பி வந்தப்போ அந்தத் துணி வெளிய வேலியில தொங்குது. மிசின் இல்ல.

இதையும் எழுதி வைக்கணும். ரெண்டையும் எழுதினாத்தான் அந்த வாச்சர் செஞ்சது எவ்வளவு பெரிய காரியம்னு தெரியும். அவர் தன் சனத்துக்கு நடுவுல நின்னு செஞ்சிருக்கார்.


#9 பீலிக்கரை

பசறை அண்ணே, நீங்க சொன்னது உண்மை. எங்க லயமும் எரிஞ்சிருக்கு. அதை நான் கண்ணால பார்க்கல, அப்பா மட்டும் போய்ப் பார்த்துட்டு வந்து ஒண்ணும் பேசாம உட்கார்ந்திருந்தார். அவர் கையில இருந்தது கரிபிடிச்ச தோசைக்கல் ஒண்ணு.

நாங்க ஓடும்போது எடுத்தது ஒரே ஒரு சாமான். லக்ஸ்பிறே பால்மா டின். மூடியைச் சணல் கயித்தால சுத்திக் கட்டியிருக்கும். அதைத் தூக்குறது என் வேலை. விட்டா அப்பா அடிப்பார்னு நினைச்சு நெஞ்சோட கட்டிப் பிடிச்சிருந்தேன். செடிக்கடியில அதோட விளிம்பு அழுத்தி என் நெஞ்சுல தடம் விழுந்துச்சு. உள்ள இருந்தது எங்க பிறப்புச் சான்றிதழ், அம்மா அப்பா கலியாணச் சீட்டு, தாத்தாவோட பிரஜாவுரிமைப் பேப்பர். அரிசியோ கம்பளியோ எடுக்காம ஏன் இதை எடுத்தாங்கன்னு ரொம்ப வருசம் யோசிச்சிருக்கேன்.


#10 ஓய்வுபெற்ற வாத்தியார்

அதற்கு விடை 1948இல் இருக்கிறது மகள். அந்த வருடத்து 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இந்தியாவில் இருந்து தோட்ட வேலைக்கு வந்த வழியினரான நம்மவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தது. அதன் பிறகு எந்தக் குடும்பத்தின் தலைவிதியும் கடதாசியில்தான் இருந்தது. உங்கள் தாத்தா அந்தப் பேப்பருக்காக எத்தனை நாள் சம்பளத்தை விட்டுக் கச்சேரிக்கு (அரசாங்க அலுவலகத்துக்கு) நடந்திருப்பார். லயம் எரிந்தால் தோட்டம் வேறொரு காம்பரா தரும். பேப்பர் எரிந்தால் அந்தக் குடும்பம் இந்த நாட்டில் இருந்ததற்கே சாட்சி இல்லை. பிரஜாவுரிமை வழங்கும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அந்தப் பயம் முற்றாகத் தீரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. 9ஆம் திகதி திருகோணமலையில். கொழும்புச் சனம் மலைக்கு ஏறி வந்தது. கல்கிசைப் புனித தோமையர் கல்லூரியின் ஒரு பகுதி நமது வெலிமடைக்குப் பக்கத்துக் குருத்தலாவைக்கு வந்து, இன்றைக்கும் அங்கே பாடசாலையாக இருக்கிறது. அந்த மாணவர்களின் இடம்பெயர்வு கல்லூரி வரலாற்றில் இருக்கிறது. அதே ஊவாவில் 41 வருடம் கழித்து இரவில் ஓடிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எங்கே பதிவு?

ஆனால் ஒரு வழி இருக்கிறது. மஸ்கெலியாவில் நீங்கள் சேர்ந்த பாடசாலைக்குப் போய்ச் சேர்வு இடாப்பை (பிள்ளைகளைச் சேர்த்த பதிவேட்டை) பாருங்கள். சேர்ந்த திகதி, முன்னர் கற்ற பாடசாலை, விலகிய காரணம் எல்லாவற்றுக்கும் அதில் பத்தி உண்டு. அதிபர்கள் அதை வீசமாட்டார்கள். முகாமாக இருந்த பாடசாலை எதுவென்று தெரிந்தால் அங்கே சம்பவத் திரட்டுப் புத்தகம் இருக்கும். 32 வருடம் நான் அதில் எழுதியவன். கூரை ஓடு பறந்தது முதல் எல்லாவற்றையும் எழுதுவோம்.


#11 தெமோதரைப் பொடியன்

அக்கா, ஸ்டோர்ல இருந்து வெளிய ஏதாவது தெரிஞ்சுதா? ஆறு, பாலம், கோயில், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. மேல் மாடின்னா ஜன்னல் வரிசையா இருக்குமே.


#12 பீலிக்கரை

தெரிஞ்சுது. எழுத வெட்கமா இருந்துச்சு, கனவோ என்னமோன்னு விட்டுட்டேன்.

கடைசி ராத்திரியோ அதுக்கு முந்தினதோ, எதிர்ப்பக்கம் ஒரு கோச்சி (ரயில்). வெளிச்சம் வரிசையா வந்து ஒரு இடத்துல நின்னுச்சு. பிறகு கிளம்பி மலையைச் சுத்திப் போச்சு, காணாமப் போயிடுச்சு. கொஞ்ச நேரத்துல, முதல்ல நின்ன இடத்துக்கு நேர் கீழ, மலைக்குள்ள இருந்து வெளிய வந்துச்சு. நான் வேற கோச்சின்னு சொன்னேன். அப்பா, இல்ல, அதே கோச்சிதான்னார். அந்த நாலஞ்சு நாள்ல அப்பா பேசின ஒரே வார்த்தையா எனக்கு ஞாபகம் இருக்கிறது அதுதான்.


#13 தெமோதரைப் பொடியன்

அக்கா அது கனவு இல்ல!! எங்க ஊரு!!

தெமோதரை ஸ்டேசன்ல நின்னுட்டுப் பதுளைக்குப் போற கோச்சி, மலையை ஒரு வட்டம் சுத்தி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில இருக்கிற சுரங்கத்துக்குள்ள போய் வெளிய வரும். இலங்கையில வேற எங்கயும் இப்படி இல்ல. இப்ப வெள்ளைக்காரங்க வந்து போட்டோ பிடிக்கிறாங்களே, அதேதான். ஹாலிஎலவுல இருந்து இங்க ரொம்பத் தூரமும் இல்ல, லொறி பின்பாதையால சுத்தி வந்திருந்தா தூரமாத் தெரிஞ்சிருக்கும்.

ஸ்டேசனையும் சுரங்க வாயையும் ஒரே ஜன்னல்ல பார்க்கணும்னா எதிர்ச் சரிவுலதான் நிக்கணும். அங்க எனக்குத் தெரிஞ்சு ரெண்டு பழைய ஸ்டோர். ஒண்ணு மூடிட்டாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்.


#14 பீலிக்கரை

தம்பி, நான் இதை வாசிச்சது பஸ்ல. பக்கத்துல இருந்த அம்மா என்ன மகள்னு கேட்டாங்க, பதில் சொல்ல முடியல.

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னபடி நேத்து மஸ்கெலியாவுக்குப் போனேன். அதிபர் நல்ல மனுசி, அலுமாரியே திறந்து வச்சிட்டாங்க. இருக்கு ஐயா. என் பேர், அப்பா பேர், சேர்ந்த திகதி 1983 ஒக்டோபர் 3. விலகிய காரணம்னு இருக்கிற பத்தியில சிவப்பு மையால 'அகதி'ன்னு ஒரே சொல். எனக்கு மேலயும் கீழயும் இன்னும் நாலு பிள்ளைங்களுக்கு அதே சிவப்பு மை. அதுல ரெண்டு பேர் யாருன்னு எனக்குத் தெரியும், ஒரே வகுப்பு. அவங்களும் அப்படி வந்தவங்கன்னு நேத்து வரைக்கும் தெரியாது. அப்போ நாங்க முகாம்ல இருந்தது ரெண்டு மாசத்துக்குக் கிட்ட. நான் ஏதோ ஒரு வாரம்னு நினைச்சிக்கிட்டு இருந்தேன்.


#15 பாரதிபுரத்தான்

அந்த நாலு பேரையும் தேடிப் பேசுங்க தங்கச்சி. அவங்களும் தனியா நினைச்சிக்கிட்டு இருப்பாங்க.

டின் கதை வாசிச்சதும் சொல்லணும்னு இருந்தேன். முள்ளிவாய்க்கால்ல எங்ககிட்ட இருந்தது ரெட்டை பொலித்தீன் பை, இறுக்கிக் கட்டி என் மனைவி இடுப்புல. கடல் நீரேரியைக் கழுத்தளவு தண்ணியில தாண்டினப்போ மகளை நான் தோள்ல வச்சேன், பையை அவ தலைமேல வச்சோம். பிடிச்சுக்கோம்மான்னேன். விடல.


#16 தெமோதரைப் பொடியன்

போயிட்டு வந்தேன். விசயத்துக்கு வர்றேன்.

மூடின ஸ்டோர்ல இருந்து ஸ்டேசன் தெரியல, நடுவுல ஒரு முடுக்கு மறைக்குது. ஓடிக்கிட்டு இருக்கிற மத்த ஸ்டோருக்குப் போனேன். டீமேக்கர் ஐயாகிட்ட விசயத்தைச் சொன்னதும் செருப்பைக் கழட்டிட்டு மேல வான்னார். இப்ப சாக்குத் தட்டெல்லாம் இல்ல, நீளத் தொட்டி போட்டிருக்காங்க. ஆனா பலகைத் தரை ஒரு மூலையில பழசு அப்படியே இருக்கு. சூட்டுக் காத்து காலுக்குத் தெரியுது. கிழக்கு ஓரத்துல இருந்து ரெண்டாவது ஜன்னல்ல நின்னா ஸ்டேசனும் தெரியுது, கீழ சுரங்க வாயும் தெரியுது. மத்த ஜன்னல்ல நின்னா ரெண்டுல ஒண்ணுதான். நான் எல்லாத்துலயும் நின்னு பார்த்துட்டேன்.

வாச்சர் காலமாகி ரொம்ப வருசமாம். அவரோட மகள் கீழ கிராமத்துல இருக்காங்க, 60 வயசு கிட்ட. போய்ப் பார்த்தேன். எனக்குச் சிங்களம் நல்லா வரும். நான் கேட்க முந்தி அவங்களே கேட்டாங்க, டின்னைக் கீழ வைக்கவே மாட்டேன்னு தூங்கும்போதும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஒரு சின்னப் பிள்ளை இருந்துச்சே, அதுவான்னு.


#17 பீலிக்கரை

தம்பி

அந்த டின் இன்னும் என்கிட்ட இருக்கு. மூடி துருப்பிடிச்சிடுச்சு, சணல் அப்பா கட்டினது.

மஸ்கெலியாவுல இருந்து எப்படி வர்றது சொல்லுங்க. மகளையும் கூட்டிட்டு வர்றேன். அவங்களுக்கு என்ன கொண்டுவரலாம்?


#18 தெமோதரைப் பொடியன்

அட்டன்ல காலைக் கோச்சி பிடிச்சா நேரா தெமோதரையிலயே இறங்கலாம். வலது பக்கம் உட்காருங்க, இல்லாட்டி இடது பக்கம், எல்லவுல இருந்து நான் போன்ல சொல்றேன். ஸ்டேசன்ல நிப்பேன். போயா (பௌர்ணமி லீவு) நாள்ல வராதீங்க, ஸ்டோர் ஓடாது, சூட்டுக் காத்து இருக்காது. ஒண்ணும் கொண்டுவர வேணாம்னு அந்த அம்மா சொல்லச் சொன்னாங்க. மரவள்ளிக்கிழங்கு தோட்டத்துல இருக்காம். ரெண்டு நாள் முந்திச் சொன்னா போதும், பிடுங்கி வைப்பாங்களாம்.